பந்தும் உப்பும்

2024 மார்ச் 4, திங்கட்கிழமை காலை, காது கேளாதோர் பள்ளியின் கணினி அறையிலிருந்த பழைய கணினிகள் ஒரு சரக்கு வண்டியில் ஏற்றப்பட்டன. அதே வண்டியில் வந்த புதிய கணினிகள் மதியத்துக்குள் அதே மேசைகளில் பொருத்தப்பட்டன.

சாயங்காலம் அந்தப் பள்ளியின் பேச்சுப் பயிற்சி ஆசிரியை தன் அக்காளுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஆட்டம் திறக்க மாட்டேங்குது."

"எந்த ஆட்டம்?"

"எனக்கு எத்தனை ஆட்டம் இருக்கு? பந்து ஆட்டம்தான். தட்டினா கறுப்பா ஒரு ஜன்னல் வருது, உடனே ஓடிப்போயிடுது. கடன்காரனைப் பார்த்த மாதிரி."

"மெஷின் புதுசா?"

"இன்னிக்குத்தான் வந்துச்சு. உறையைக்கூட இன்னும் முழுசா கிழிக்கல."

"அப்போ ஓடாதுடி. அது பழைய இடைமுகத்துல எழுதினது. புது மெஷின்ல அதுக்கு ஆள் இல்ல."

"ஆள் இல்லன்னா?"

மூத்தவள் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். அவள் வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் கிராபிக்ஸ் புரோகிராமர். அங்கே படம் வரைகிறவர்கள் வேறு, கதை எழுதுகிறவர்கள் வேறு. இவளுடைய வேலை அவர்களுக்கெல்லாம் கீழே, ஆடுகிறவர் கண்ணில் ஒருபோதும் படாத இடத்தில் நடப்பது. ஆட்டம் ஒரு மரம் வேண்டும் என்று கேட்கும். கணினிக்குள் படம் வரைகிற கார்டுக்கு மரம் தெரியாது, முக்கோணம்தான் தெரியும். கேட்கிறவனுக்கும் செய்கிறவனுக்கும் நடுவில் நின்று, இப்படிக் கேட்டால் இது கிடைக்கும் என்று விதி வகுத்து வைத்திருக்கிற மென்பொருளுக்கு இடைமுகம் என்று பெயர். படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, பொத்தான்களுக்கு ஒன்று. "மொத்தத்துல தரகு வேலை, கமிஷன்தான் கிடையாது" என்பது அவள் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் விளக்கம்.

"நீ ஒரு ஆபீசுக்குப் போறேன்னு வெச்சுக்கோ," என்றாள் மூத்தவள். "வழக்கமா உன் வேலையை முடிச்சுக் குடுக்கிற கவுன்டரை மூடிட்டாங்க. வேலை இப்பவும் நடக்குது. ஆனா வேற கவுன்டர்ல, வேற மாதிரி கேக்கணும்."

"அப்போ நீ போய்க் கேளு."

"நானா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரையா கூப்பிட முடியும்? உனக்குச் சம்பளமே அதுக்குத்தானே குடுக்கிறாங்க."

சொல்லிவிட்டு இளையவள் கொஞ்சம் குரலை இறக்கினாள். "இல்லக்கா, நெசமாவே அவசரம். ஆட்டம் இல்லன்னா என் வகுப்பு போயிடும். தையல் டீச்சர் அந்தப் பாடவேளை மேல ரொம்ப நாளா கண்ணு வெச்சிருக்காங்க. ஹெச்.எம். இன்னிக்கே கேட்டுட்டார், மெஷின் ஓடலன்னா சும்மா உக்காந்திருக்கப் போறீங்களான்னு."

அவள் வகுப்புக்குத் தாள வகுப்பு என்று பெயர். காது கேளாத பிள்ளைகளுக்கு ஒலியை உச்சரிக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம். உதடு, நாக்கு, தொண்டை எங்கே எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணாடி முன் உட்கார்த்திக் காட்டினால் வந்துவிடும். வராதது இடைவெளி. எங்கே நிறுத்துவது, எதை நீட்டுவது என்பது கேட்டுத் தெரிந்துகொள்வது. அது இல்லாததால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும், தாயைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. எப்போதோ பயிற்சிக்காக வந்த கல்லூரி மாணவர்கள் சிலர் இதற்காக ஓர் ஆட்டம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். திரையில் ஒரு கோடு. மேலிருந்து ஒரு பந்து விழும். பந்து கோட்டைத் தொடும்போது எல்லாப் பிள்ளைகளும் சொல்லின் ஓர் அசையைச் சொல்லிக்கொண்டே அவரவர் முன்னால் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அத்தனை பேரும் ஒன்றாக அழுத்தினால் கோட்டில் ஒரு பூ மலரும். ஒருவர் பிந்தினாலும் மலராது. அந்த வகுப்பில் படித்த பிள்ளைகள் கடைக்குப் போய்த் தாமே பேசிச் சாமான் வாங்கி வந்ததை இளையவள் அக்காளிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

மாணவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் கணினி மொழியில் எழுதிய மூல நிரலும் கிடைக்கவில்லை. இளையவள் எப்போதோ போனில் எடுத்திருந்த வகுப்பு வீடியோ ஒன்றை அனுப்பினாள். மூத்தவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் புதிதாக எழுதினாள். பழைய ஆட்டம் பிறந்தது கூட்டுக் குடும்ப காலத்தில். படம், சத்தம், பொத்தான் எல்லாம் ஒரே இடைமுகத்தின் கீழ் ஒரே உலையில் வெந்தன. இப்போது எல்லாம் தனிக்குடித்தனம். படத்துக்கு ஒரு வாசலில் நிற்க வேண்டும், சத்தத்துக்கு இன்னொரு வாசல், பொத்தானுக்கு மற்றொன்று. அவளுக்குப் பழகிய வாசல் படம்தான். பந்தை உருண்டையாக, நிழலோடு, பளபளவென்று வரைந்தாள். பூவுக்கு இதழ் இதழாக மடிப்பு வைத்தாள். இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பந்துக்கே இவ்வளவு மேக்கப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீடியோவில் பந்து விழும்போதெல்லாம் 'தம்' என்று ஒரு முரசொலி கேட்டது. அதை அவள் கவனிக்காமல் இல்லை. டீச்சர் வசதிக்காக வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். காது கேளாத பிள்ளைகளின் ஆட்டத்துக்குச் சத்தத்தின் வாசலில் போய் நிற்பானேன் என்று அந்தப் பகுதியை எழுதவே இல்லை. பிள்ளைகள் எல்லாரும் இடது உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்திருந்ததையும் பார்த்தாள். தங்கை கண்டிப்பான டீச்சர், கையை மேசைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறாள் என்று அதற்கும் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். கணினி அறையின் நடுவில் ஒரு நீள மர மேசை. சுற்றிப் பிள்ளைகள். சுவரில் பெரிய திரை. பந்து வந்ததும் பிள்ளைகள் வாய் திறந்து பார்த்தார்கள், அவ்வளவு அழகாக இருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் எல்லாரும் இடது கையை மேசைமேல் வைத்தார்கள்.

பந்து விழுந்தது. ஒருவரும் பொத்தானை அழுத்தவில்லை. மறுபடி விழுந்தது. இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு நேரத்தில் அழுத்தினார்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பையன் கையைத் தூக்கி உள்ளங்கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி நாற்காலியிலிருந்து நழுவி மேசைக்கடியில் போனாள். அங்கே மரப்பலகையோடு திருகி வைத்திருந்த கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியை முட்டியால் தட்டிப் பார்த்தாள். வெளியே வந்து கைகளால் ஏதோ சொன்னாள். அறை முழுக்கச் சிரித்தது.

"என்னடி சொல்றா?" என்றாள் மூத்தவள்.

இளையவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "பெட்டிக்கும் காது போயிடுச்சாம். அதுவும் இனிமே நம்ம ஸ்கூல்ல சேர்ந்துக்கலாமாம்."

"பெட்டியா?"

"அக்கா, முரசு எங்க?"

மூத்தவள் மேசையைப் பார்த்தாள். விரிந்த உள்ளங்கைகள் இன்னும் காத்திருந்தன. கண்டிப்பு இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பிள்ளைகள் முரசைக் கையால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லியிருக்கலாமேடி."

"என்னன்னு சொல்றது? ஆட்டத்துல சத்தம் வேணும்னா? நான் வீடியோவே அனுப்பினேன். அதுல தம் தம்முன்னு காது கிழியுது."

"இவங்களுக்கு எதுக்குன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சே போ." இளையவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளைகளிடம் கைகளால் நீளமாக ஏதோ விளக்கினாள். பிள்ளைகள் மூத்தவளைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

சத்தத்துக்கு அவள் எழுத வேண்டியது கொஞ்சம்தான். எல்லாரும் எடுத்துத் தங்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிற, முன்பே எழுதி வைத்த நிரல்களின் இலவசத் தொகுப்பு ஒன்று இருந்தது; அதற்கு நூலகம் என்று பெயர். ஒலியைக் கொடுத்தால் அது ஸ்பீக்கர் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அவள் கம்பெனி விற்ற ஒவ்வோர் ஆட்டத்திலும் அது இருந்தது, ஆனால் அவள் அதன் பக்கம் போனதில்லை. பந்து கோட்டைத் தொட்டதும் முரசை அடி என்று எழுதினாள். வீட்டில் ஹெட்போன் போட்டுக்கொண்டு சோதித்தாள். கச்சிதமாக இருந்தது.

பள்ளியில் நடந்தது வேறு. பெட்டி உறுமத் தொடங்கியதும் பிள்ளைகள் முகம் மலர்ந்தது. கைகள் விரிந்தன. பந்து விழுந்தது, பொத்தான்கள் அழுந்தின, பூ மலரவில்லை. மறுபடி ஆடினார்கள். மலரவில்லை. மூத்தவள் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று திரையின் அடியில் எரிந்த சிறு விளக்குகளைப் பார்த்தாள். பிள்ளைக்கு ஒன்று. பாதி விளக்குகள் பந்தோடு எரிந்தன. மீதிப் பாதி கண் சிமிட்டும் நேரம் கழித்து எரிந்தன. எப்போதும் அதே பாதி.

"உன் வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சுடுச்சு," என்றாள் மெதுவாக. "கண்ணை நம்புற கட்சி, கையை நம்புற கட்சி."

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலயே?"

"முரசு பந்துக்கு ஒரு துளி பிந்துது. நீ வேடிக்கை பார்க்கிறே. அவங்க அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறாங்க."

அந்த வகுப்புக்குத் தலைமையாசிரியர் வந்திருந்தார். கதவோரம் நின்று பார்த்தார். கண் கட்சிக்காரன் ஒருவன் கைக் கட்சிக்காரியைப் பொத்தானை விட்டுக் கையை எடுக்கச் சொல்லி மிரட்டினான். அவள் திருப்பி மிரட்டினாள். ஒரே சொல் இரண்டு முறை ஒலித்தது. இடைவெளி கற்றுக்கொடுக்கிற ஆட்டத்திலேயே சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

வராந்தாவில் அவர் இளையவளிடம் பேசினார். "நான் வில்லன் இல்லம்மா. உங்க வகுப்பு நல்ல வகுப்பு, நானே பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன். ஆனா இப்ப நான் பார்த்தது சண்டை. மாசக் கடைசியில அட்டவணை போடணும். அதுக்குள்ள பிள்ளைங்க ஒண்ணாச் சேர்ந்து ஒரு சொல்லைச் சொல்றதை எனக்குக் காட்டுங்க. இல்லன்னா தையலுக்குக் குடுத்துடறேன். தையலும் சோறு போடும்."

"சரிங்க சார்," என்றாள் இளையவள்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே மூத்தவள்தான் ஆரம்பித்தாள்.

"திட்டிடேன்."

"எதுக்கு?"

"முதல்லயே ஒழுங்காச் செஞ்சிருந்தா இவர் இன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே போயிருப்பார்."

"நீ செய்யலன்னா செய்ய ஆளே இல்லக்கா. திட்டி என்ன பண்றது, அப்புறம் நீயும் ஓடிப்போயிட்டா?"

கணினி சத்தத்தைச் சொட்டுச் சொட்டாக ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. ஒரு குடம் நிரம்பியதும் ஊற்றும். குடம் பெரிதாக இருந்தால் நிரம்ப நேரமாகும், முரசு பிந்தும். இதை அவள் அறிவாள். ஆகவே குடத்தைச் சிறிதாக்கினாள். பள்ளிக்கூடத்து மெஷினால் அத்தனை வேகமாக மொண்டு ஊற்ற முடியவில்லை. நடுநடுவே வெறும் குடம் கவிழ்ந்தது, முரசு கரகரத்தது. இரட்டைப் பின்னல் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, மேசை சொறிகிறது என்று சைகை காட்டினாள். பிறகு முரசைக் கொஞ்சம் முன்னதாகவே அடிக்கச் சொல்லிப் பார்த்தாள். சில அடிகள் ஒட்டின, சில விலகின. குடம் எப்போது நிரம்பும் என்பது அவள் கையில் இல்லை.

எவ்வளவு பிந்துகிறது என்று தெரியாமல் எதையும் திருத்த முடியாது. சத்தத்தைப் பார்ப்பது எப்படி? பள்ளிச் சமையலறையிலிருந்து ஒரு பிடி தூள் உப்பு வாங்கி வந்தாள். ஸ்பீக்கர் பெட்டியை மேசையடியிலிருந்து கழற்றித் திரைக்கு முன்னால் மல்லாத்தி வைத்து, மேலே ஒரு தாளை ஒட்டி, அதில் உப்பைத் தூவினாள். போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுக்கிற வசதியைப் போட்டாள். முரசு அடித்தால் உப்பு குதிக்கும். பந்தும் உப்பும் ஒரே படத்தில் விழும்.

பிள்ளைகளுக்கு அன்று வகுப்பே நடக்கவில்லை, திருவிழாதான். போனைச் சுற்றித் தலைகள் மோதின. மெதுவாக்கிய வீடியோவில் பந்து எண்ணெயில் விழுவதுபோல் இறங்கியது. கோட்டைத் தொட்டது. உப்பு அசையவில்லை. பந்து எழும்பி மேலே போகத் தொடங்கியது. உப்பு அப்போதும் அசையவில்லை. அதன் பிறகு, சாவகாசமாக, தாளின் நடுவிலிருந்து உப்பு கொத்தாகக் குதித்தது.

இரட்டைப் பின்னல் தன் கட்சிக்காரர்களைப் பார்த்து நெஞ்சைத் தட்டிக்கொண்டாள். கண் கட்சிக்காரன் திரையைக் காட்டித் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டான். இருவரும் சொன்னது உண்மை. இளையவள் அதைச் சைகையில் சொன்னபோது இரண்டு கட்சியும் அவளை நம்பவில்லை.

மூத்தவள் அந்த வீடியோவை நூலகத்தின் இணையப் பொதுமன்றத்தில் போட்டு, நடந்ததை எழுதினாள். யாருக்கான ஆட்டம், மேசை, கைகள், தான் முதலில் சத்தத்தையே விட்டுவிட்டது, எல்லாவற்றையும். அங்கே பதில் வருவது அபூர்வம். நூலகம் கம்பெனியுடையது இல்லை. உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் சிலர் ஓய்வு நேரத்தில், கூலி இல்லாமல் பராமரிப்பது. சத்தத்தின் பகுதியைக் கவனித்துக்கொண்டவர் ஒருவர்தான். ஆந்தை என்ற தமிழ்ப் பட்டப்பெயரில் எழுதுவார். மன்றத்தில் அவருக்கு வருவதெல்லாம் புகார்கள். வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யுங்கள், எங்கள் வெளியீடு தள்ளிப்போகிறது.

மறுநாளே அவர் பதில் போட்டார். இரண்டே வாக்கியம். இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு உப்பை அனுப்பியதில்லை. உங்கள் நம்பரைக் கொடுங்கள்.

மதிய இடைவேளையில் போன் வந்தது. பின்னணியில் கிர்ரென்று ஏதோ இயந்திரம் ஓடியது.

"ஆந்தை பேசறேன். சத்தத்தை மன்னிச்சுக்கோங்க, பல் ஆஸ்பத்திரியில இருக்கேன்."

"ஐயோ, பல் வலியா? அப்புறமா பேசலாமே."

"எனக்கு இல்லம்மா. நான் இந்த நாற்காலி ரிப்பேர் பண்றவன். ஏத்தி எறக்குற நாற்காலி. அதான் சோறு. மத்தது பொழுதுபோகாம பண்றது."

மூத்தவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவள் கம்பெனியின் ஆட்டங்களில் வெடித்த ஒவ்வொரு குண்டும், உறுமிய ஒவ்வொரு காரும் இந்த மனிதர் எழுதிய வரிகளின் வழியாகத்தான் வெளியே வந்திருக்கின்றன. பெரிய அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் யாரோ என்று எண்ணியிருந்தாள். எண்ணியிருந்தாள் என்பதும் மிகை. எண்ணியதே இல்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் ஆந்தை. "நீங்க படம் பக்கத்து ஆளுதானே?"

"எப்படித் தெரியும்?"

"பந்துக்கு நிழல் விழுது. சத்தம் பக்கத்து ஆளு சதுரமா ஒரு பந்து போட்டுட்டு வேலையப் பார்ப்பான். சரி, உங்க ஆட்டத்துல கடிகாரம் யார்கிட்ட இருக்கு? படத்துக்கிட்டதானே?"

"ஆமா. படம் ஒவ்வொண்ணா வரையறேன், அதை வெச்சு நேரம்."

"அங்கதான் சிக்கல். படம் முன்னாடி நடக்குது, சத்தத்தைப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போறீங்க. அது வராது. சத்தம் கனமான ஆளு, அவரை அவசரப்படுத்த முடியாது. படம்தான் லேசு. கடிகாரத்தைச் சத்தத்துக்கிட்ட குடுத்துடுங்க. இப்ப எதுவரைக்கும் வெளிய வந்திருக்குன்னு சத்தத்தைக் கேளுங்க. அது சொல்ற நேரத்துக்குப் பந்தை வரைங்க. பொத்தானையும் அதே நேரத்தை வெச்சுத் தீர்மானிங்க. முரசு பிந்தினா பிந்தட்டுமே, பந்தும் கூடவே பிந்தும். ரெண்டும் ஒண்ணா வந்தா பிந்தினதா யாருக்குத் தெரியும்?"

மூத்தவள் எழுந்து ஜன்னலோரம் போனாள். காது கேளாத பிள்ளைகளின் ஆட்டத்தில் படத்தை ஓட்டிச் செல்ல வேண்டியது சத்தம். முதலில் அதைத்தான் அவள் வேண்டாம் என்று விட்டிருந்தாள்.

"அப்படிக் கேக்கறதுக்கு வழி இருக்கா?"

"இருக்கு. நான்தான் எழுதினேன். என்ன, யாரும் கேட்டதில்ல. அதனால அது நெசம் சொல்லுதா பொய் சொல்லுதான்னு எனக்கே தெரியாது. எழுதிப் பாருங்க. மறுபடி உப்பு போடுங்க."

எழுதினாள், உப்பும் போட்டாள். அடிகள் இப்போது ஒரே சீராக இருந்தன, சில ஒட்டி சில விலகி என்பது போய்விட்டது. ஆனால் எல்லா அடியும் ஒரே அளவு பிந்தின. முன்பைவிடக் குறைவு, ஆனாலும் பூ மலரவில்லை. வீடியோவை அனுப்பினாள். ஆந்தை அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

"என் பொய் தெரிஞ்சுபோச்சு. நான் கணினிகிட்ட ஒப்படைச்ச வரைக்கும் வெளிய போயிடுச்சுன்னு கணக்குச் சொல்றேன். அது தன் மடியில கொஞ்சம் கட்டி வெச்சிருக்கு. உங்க வீட்டு மெஷின் மடியில வெக்கல, ஸ்கூல் மெஷின் வெக்குது. மடியில எவ்வளவு இருக்குன்னு அதையே கேட்டுக் கழிக்கணும். ரெண்டு நாள் குடுங்க. ஒரு நாற்காலி பாதியில தொங்குது, டாக்டர் முறைக்கிறார்."

"உங்க வேலையைக் கெடுத்துக்கிட்டு..."

"அது ஒண்ணும் இல்ல. பிள்ளைங்க கையை வெச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சதுல இருந்து எனக்கு உக்கார முடியல."

சொன்னபடி வந்தது. மூத்தவள் அதைச் சேர்த்து, அரை நாள் பள்ளி இருந்த சனிக்கிழமை எடுத்துப் போனாள். முதலில் உப்பு. பந்து கோட்டைத் தொட்டபோது உப்பு குதித்தது. இளையவள் போனைப் பிடுங்கித் தானும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பெட்டியை மேசையடியில் திருகினார்கள். இரட்டைப் பின்னல் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

தலைமையாசிரியர் ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் தையல் டீச்சரும் இருந்தார். வாருங்கள் என்று இளையவள் அழைக்கவில்லை, அவராகவே வந்திருந்தார்.

இளையவள் பலகையில் 'மழை வருது' என்று எழுதினாள். உள்ளங்கைகள் விரிந்தன. பந்து விழுந்தது. முதல் அடியில் பிள்ளைகள் அழுத்தவே இல்லை, கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கண் கட்சிக்காரன் இரட்டைப் பின்னலைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். இரண்டாவது அடியில் ஏழெட்டுப் பொத்தான்கள் சேர்ந்து அழுந்தின. அடுத்த முறை விளக்குகள் எல்லாம் ஒரே கோடாக எரிந்தன. மூத்தவள் மடிப்பு மடிப்பாக வரைந்த பூ இதழ் விரித்தது.

"ம... ழை... வ... ரு... து."

குரல்கள் பல சுருதியில் இருந்தன. ஒன்று கட்டையாக, ஒன்று கீச்சென்று, ஒன்று மூக்கிலிருந்து. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நின்றன. நடுவில் இருந்த இடைவெளிகள் சுத்தமாக இருந்தன. பிள்ளைகள் நிறுத்தவில்லை. மழை வந்துகொண்டே இருந்தது.

தையல் டீச்சர் குனிந்து மேசையோரத்தில் தன் கையையும் வைத்துப் பார்த்தார். "அட, குறுகுறுன்னு வருது சார்," என்றார். தலைமையாசிரியரும் ஒரு விரலை மட்டும் வைத்தார். சிறிது நேரம் கழித்து மற்ற விரல்களையும் வைத்தார்.

மூத்தவள் வராந்தாவுக்கு வந்து ஆந்தைக்குப் போன் செய்தாள். அறைக்குள்ளிருந்து வந்த குரல்களுக்கு நேராகப் போனைப் பிடித்தாள்.  அந்தப் பக்கம் கிர்ரென்ற இயந்திரம் நின்றிருந்தது.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது. டாக்டரும் கேக்கறார், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கிற அம்மாவும் கேக்கறாங்க."

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைங்க. இத்தனை வருஷமா உங்க எழுத்துலதான் எங்க கம்பெனி பிழைக்குது. ஒருநாள்கூட யாரும்..."

"அதெல்லாம் வேணாம்மா. வேலை செய்யலன்னு எழுதினாத்தான் எனக்குப் பழக்கம். நன்றின்னா என்ன பதில் போடணும்னே தெரியாது." அவர் தொடர்ந்தார். "நான்தான் சொல்லணும். அந்த ஒரு விஷயத்தை எழுதி வெச்சுட்டு, இதை யாராவது என்னிக்காவது கேப்பாங்களான்னு இருந்தேன். கேட்டீங்க."

உள்ளே இளையவள் ஆட்டத்தை நிறுத்தியிருந்தாள். பிள்ளைகள் மறுபடி வேண்டும் என்று மேசையைத் தட்டினார்கள். மூத்தவள் கதவருகே வந்ததும் இளையவள் பிள்ளைகளிடம் ஏதோ சொன்னாள். அவர்கள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பி, விரல்களை முகவாயில் வைத்து முன்னால் நீட்டினார்கள். நன்றி என்கிற அந்தச் சைகை அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்த ஒரே சைகை அதுதான். திருப்பிச் செய்தாள், ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துத் தனித்தனியாக.

"போதும்க்கா," என்றாள் இளையவள். "நீ இப்படியே போனா மணி அடிச்சுடும்."

நூலகத்தின் அடுத்த பதிப்பில் அந்தத் திருத்தம் சேர்க்கப்பட்டது. ஏப்ரல் முதல் தேதி பள்ளியின் புதிய கால அட்டவணை ஒட்டப்பட்டது. தாள வகுப்பு அதில் இருந்தது, வியாழக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு மாற்றப்பட்டிருந்தது. தையலுக்குச் செவ்வாய்க்கிழமை ஒரு பாடவேளை ஒதுக்கப்பட்டிருந்தது.